ஒரு ஏரியாவுக்கு ஒரு ஆள்

எங்கள் கம்பெனியும் எதிர்க் கம்பெனியும் ஒன்றாகச் சேரப்போகின்றன என்ற செய்தியை என் கடை டிவியில்தான் பார்த்தேன். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது கடை. படம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகச் சுவரில் மாட்டிய டிவி அது. காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பினால் திரையின் அடியில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு பெரிய டிடிஹெச் நிறுவனங்கள் இணைப்புப் பேச்சில் இறங்கியிருக்கின்றனவாம்.

ரிமோட் மாற்ற வந்திருந்த மில் தொழிலாளி ஒருவரும் அதைப் படித்தார். "ஏக்கா, அப்ப எங்க வீட்டு டிஷ்ஷைத் திருப்பி வைக்கணுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எங்கள் கம்பெனி டிஷ் என்ற ஒன்றை இந்தப் பக்கம் கொண்டுவந்த நாளிலிருந்து நான்தான் அதற்கு டிஸ்ட்ரிபியூட்டர். எனக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், நீங்க பாட்டுக்குப் பாருங்க" என்று சொல்லி அவருக்கு ரிமோட்டைக் கொடுத்து அனுப்பினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அந்த எழுத்துகள் மறுபடி வரும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் டிஷ் வானத்தில் ஓரிடத்தைப் பார்க்கும், எதிர்க் கம்பெனி டிஷ் கொஞ்சம் தள்ளி வேறோர் இடத்தைப் பார்க்கும். இரண்டுக்கும் சாட்டிலைட் வேறு. பஸ்ஸில் போகும்போது மொட்டைமாடிகளை அண்ணாந்து பார்த்து, இது நம் வீடு, இது அவர் வீடு என்று பிரித்துக்கொண்டே போவது என் பழக்கமாகிவிட்டிருந்தது. ஊரில் வேறு எதையும் நான் அப்படிக் கவனித்துப் பார்த்ததில்லை.

'அவர்' என்று சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூரில் எதிர்க் கம்பெனிக்கு டிஸ்ட்ரிபியூட்டராக இருந்தவரை. மகாராஜபுரத்துக்காரர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, பால்கோவாக் கடைகளுக்கு நடுவில் ஒரு கடையைப் பிடித்து இந்தத் தொழிலை ஆரம்பித்தவர். எனக்குக் கொடுத்திருந்த அதே இரண்டு தாலுகாவைத்தான் அவர் கம்பெனி அவருக்கும் கொடுத்திருந்தது. இங்கே அவரை அண்ணாச்சி என்று எழுதுகிறேன். அந்தக் காலத்தில் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் முதலில் வெறும் செல்போன் ரீசார்ஜ் கடைதான் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் நூல் மில்லில் ஃபிட்டர். அவர் சம்பளத்தோடு இதுவும் இருக்கட்டும் என்று போட்ட கடை. டிஷ் வந்தபோது, கடையில் ஒரு பெண் கூசாமல் பேசுகிறாள் என்று பார்த்து மதுரையிலிருந்து வந்தவர்கள் டிஸ்ட்ரிபியூட்டராகச் சொன்னார்கள். ஆரம்பத்தில் லீவு நாளில் வீட்டுக்காரரே மாடி ஏறி டிஷ் மாட்டினார். நான் கீழே டிவி முன்னால் நின்றுகொண்டு, "வருது, வருது, போயிருச்சு" என்று கத்துவேன்.

அப்புறம்தான் சண்டை. நான் ஒரு மாதம் இலவசம் என்றால் அண்ணாச்சி இரண்டு மாதம் என்பார். நான் மைக் கட்டிய ஆட்டோவை வத்திராயிருப்புக்கு அனுப்பினால் சாயங்காலத்துக்குள் அவர் ஆட்டோ பின்னாலேயே போகும். மில் குடியிருப்புகளும் பேண்டேஜ் துணித் தறி ஓடும் வீடுகளும் என் கையில் இருந்தன. அவருக்கு ஒவ்வொரு ஊரிலும் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர், பென்ஷனில் வந்தவர் என்று யாராவது இருந்தார்கள். அவர் ஒரு போன் போட்டால் போதும், அந்தத் தெரு முழுக்க அவர் டிஷ் ஏறிவிடும். என் டீலர்களுக்கு நான் கறி விருந்து போட்டால், அடுத்த வாரம் என் டீலர்களில் பாதிப்பேர் அவர் விருந்தில் உட்கார்ந்திருப்பார்கள். டீலர் என்றால் வேறொன்றுமில்லை, அந்தந்த ஊரில் எலக்ட்ரிகல் கடையோ செல்போன் கடையோ வைத்துக்கொண்டு எங்களிடம் செட்டாப் பாக்ஸ் வாங்கி விற்கிறவர்கள்.

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இருவரும் எதிரெதிரே உட்காரும்படி ஆகிவிட்டது. அவர் சாம்பார் வாளி வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாயசம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டேன்.

சேரப்போகிற செய்தி வந்தபோது இந்தச் சண்டையெல்லாம் கொஞ்சம் தேய்ந்து போயிருந்தது. எங்கள் இருவர் பிழைப்பையும் மூன்றாவது ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். தெருவுக்குத் தெரு ஃபைபர் ஒயர் இழுத்தார்கள். பிள்ளைகள் போனிலேயே எல்லாவற்றையும் பார்த்தார்கள். என் மகளே கடை டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, போனைத்தான் பார்ப்பாள். ரீசார்ஜ் முடிந்துவிட்டதே என்று போன் போட்டால், "பாத்துச் சொல்லுதேன்க்கா" என்பார்கள். திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

செய்தி வந்த சில நாளில் ஏரியா மேனேஜர் மதுரையிலிருந்து வந்தார். சின்ன வயசு. அந்த வேலைக்கு வந்த எத்தனையாவது ஆள் அவர் என்று எனக்கு மறந்துவிட்டது. எல்லோரும் வந்ததும் டீ வேண்டாம் என்பார்கள், பிறகு குடிப்பார்கள்.

"கவலையே படாதீங்க மேடம். ரெண்டு கம்பெனியும் சேர்ந்தா மார்க்கெட்ல நம்மதான் பெரிய ஆளு" என்றார்.

"சேந்த பொறவு இங்க யாரு இருப்பா? நானா, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரா?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு ஏரியாவுக்கு ஒரு ஆளுதான் மேடம். அது மேலயே முடிவாயிடுச்சு."

"எத வச்சு அந்த ஆளப் பிடிப்பாக?"

"நம்பர்தான். சேர்ற அன்னைக்கு யாரு கையில அதிகக் கனெக்ஷன் இருக்கோ அவங்க. நீங்க இப்ப கொஞ்சம் பின்னாடி இருக்கீங்க. இந்த ரெண்டு மூணு மாசம் மட்டும் முழு மூச்சா இறங்கிட்டீங்கன்னா உங்களை யாரும் அசைக்க முடியாது."

சேரப்போகிறவர்கள் எதற்காக இன்னும் கடுமையாக அடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவரே பொறுமையாகச் சொன்னார். இரண்டு கம்பெனியும் சேரும்போது யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசுவார்களாம். அதில் கனெக்ஷன் அதிகம் உள்ளவர் கைதான் ஓங்கும். அதனால் பேச்சு முடிகிற வரை இரண்டு பக்கமும் நாடு முழுக்க எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கேயோ பம்பாயில் கிடக்கும் ஒரு மேஜைக்காக நான் தேவதானத்தில் பாக்ஸ் விற்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

அன்று வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"ஏட்டி, விட்டுத்தள்ளு. பழையபடி ரீசார்ஜ் மட்டும் போட்டுட்டு உக்காரு."

"கடையில இருக்கவங்களுக்கு என்ன சொல்ல?"

"அதுவும் சரிதான்" என்றார். கடையில் கவுண்டரில் ஒரு பெண்ணும், மாடி ஏறிச் சர்வீஸ் பார்க்க இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள் முகம் எனக்கு முன்னால் இருந்தது. அடுத்த நாள் தேவதானத்துக்குப் பஸ் ஏறினேன்.

தேவதானத்து டீலர் மெயின் ரோட்டில் மோட்டார், பைப், பல்பு விற்கிறவர். என்னை விடக் கொஞ்சம் இளையவர். சேத்தூர் பக்கமெல்லாம் அவர் சொன்னால் கேட்பார்கள். முதலில் என் டீலராக இருந்தார், அண்ணாச்சி இழுத்துக்கொண்டார், நான் மறுபடி இழுத்தேன், மறுபடி போனார். அதில் யாருக்கும் வருத்தம் வராதபடி நடந்துகொள்வார். இப்போது அண்ணாச்சி பக்கம் இருந்தார். நான் போனதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"தம்பி, நேராவே சொல்லிருதேன். நான் பின்னாடி இருக்கேன். இந்தத் தடவ நீ ஒரு கை குடுத்தாத்தான் நான் நிப்பேன்" என்றேன்.

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "அண்ணாச்சி நேத்துதான் வந்துட்டுப் போனாவ. இதே நாற்காலிலதான் உக்காந்தாவ. இதேதான் சொன்னாவ. நீங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வந்திருக்கலாம்லாக்கா."

"இதேன்னா?"

"'நான் பின்னாடி இருக்கேன்லே, ராஜபாளையத்துக்காரம்மா முன்னாடி போயிட்டாவ, ஒரு கை குடு'ன்னாவ."

இருவரில் ஒருவர்தான் பின்னால் இருக்க முடியும்.

"இப்ப யாருக்குக்கா பாக்ஸ் வேணும்? மாந்தோப்புல காவல் இருக்கவன்கூட போனப் பாத்துட்டுத்தான் உக்காந்திருக்கான். அன்னைக்கு அம்புட்டு வித்தோம். இன்னைக்கு நானே வீட்டுக்கு ஒயர் கனெக்ஷன் இழுக்கலாமான்னு பாக்கேன்" என்றார் அவர். பிறகு குளிர்ந்த சோடா வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மாடிகளை அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பேச்சைச் சொல்லி ஓட விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம்தான் வந்தது.

நான் வந்து சொன்னதைத் தேவதானத்து டீலர் அண்ணாச்சிக்கும் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து நல்ல வெயில் நேரத்தில் அண்ணாச்சி என் கடை வாசலில் வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கவுண்டரில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"உள்ள வரலாமாம்மா?"

"வாங்க" என்றேன். அவர் ஒரு காலை இழுத்த மாதிரி ஏறி வந்தார். முட்டு வலி இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். சுவரில் ஒட்டியிருந்த எங்கள் ஸ்கீம் போஸ்டர்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரை எங்கேயாவது தனியாகப் பார்த்தால் கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்காக நான் வைத்திருந்த கேள்விகள் நிறைய. கேட்டது இதைத்தான்: "டீயா, காப்பியா?"

"டீ. சீனி வேண்டாம்." பிறகு, "ஒங்க மேனேஜரு ஒங்ககிட்ட என்ன சொன்னாவ?" என்றார்.

"நான் பின்னாடி இருக்கேன்னு."

"எங்காளு நான் பின்னாடி இருக்கேன்னான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க பட்டாளத்துலகூட இப்படிக் கெடயாதும்மா. எதிரி யாருன்னாவது சரியாச் சொல்லிருவான்."

டீ வந்தது. குடித்தோம். டிவியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவிய சேரும் முன்னாடி நம்ம சேந்துருவோம்" என்றார் அண்ணாச்சி. "ஒரு ஆளுதான் வேணும்னு சொல்லுதாவள்லா. அந்த ஒரு ஆளு நம்ம ரெண்டு பேரும்னு சொல்லிருவோம். கம்பெனி எது சேந்தாலும் நம்மளப் பிரிக்க முடியாதுல்லா."

"யாரு பேருல?"

"ஒங்க பேருலயே இருக்கட்டும். எனக்கு ஓட்டமெல்லாம் முடியல. சர்வீஸ நான் பாத்துக்கிடுதேன்."

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லையே என்று உள்ளுக்குள் சந்தேகம் ஓடியது. அன்று நான் சரி என்று சொல்லவில்லை. அப்புறம் நாலைந்து தடவை பேசினோம். ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே. பெரிய கம்பெனிகள் பெரிய ஹோட்டலில் உட்கார்ந்து என்ன பேசியிருக்குமோ அதையேதான் நாங்களும் பேசினோம் என்று நினைக்கிறேன். யார் குடோனை மூடுவது, யார் ஆட்களை வைத்துக்கொள்வது, வத்திராயிருப்புப் பக்கம் யார் போவது. என் குடோனை மூடிச் சரக்கை அவர் குடோனுக்கு மாற்றுவது என்று ஆனது. ஆட்கள் இருவருக்குமே கூடுதலாக இருந்தார்கள். யாரையும் அனுப்ப அவரும் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சை அப்படியே கிடப்பில் போட்டோம். என் சர்வீஸ் ஆட்களில் ஒருவர் நிலைமையைப் பார்த்துவிட்டு அவராகவே ஃபைபர் கம்பெனிக்குப் போய்விட்டார். போகும்போது என் காலைத் தொட்டார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையில் இருந்த ரிமோட்டுகளை அடுக்கினேன்.

பேச்சு நின்றது ஒரே ஓர் இடத்தில்தான். "பக்கத்துப் பக்கத்து ஊருக்கு எதுக்கு அண்ணாச்சி ரெண்டு கடை? அந்த வாடகை மிச்சம்தானே. ஒங்க கடைய மூடிருவோம்" என்றேன்.

அவர் தெருவைப் பார்த்தார். பால்கோவா வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கடைய மூடுனா காலைல எழுந்து நான் எங்கம்மா போவேன்?" என்றார். "பட்டாளத்து சர்வீஸ முடிச்சுட்டு வந்ததுல இருந்து பகல்ல நான் வீட்டுல இருந்ததே கெடயாது. மருமக நல்ல புள்ள. ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா நான் உள்ள இருந்தா அவளுக்குச் செரமம். அவ அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கதப் பாத்தா எனக்கும் செரமம்."

அதற்கு மேல் அந்தக் கடையைப் பற்றி நான் பேசவில்லை. போர்டை மட்டும் கழற்றிவிடலாம் என்று அவரே சொன்னார்.

இரு பக்க மேனேஜர்களிடமும் சொன்னோம். "சூப்பர் மேடம், எங்க வேலையை நீங்களே செஞ்சுட்டீங்க" என்றார் என்னுடையவர். பிறகு அண்ணாச்சி என்னைத் தன் டீலர்களிடம் அழைத்துப் போனார். பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலுமாக வத்திராயிருப்பு, மகாராஜபுரம் எல்லாம் சுற்றினோம். ஒவ்வொரு கடையிலும் ஏறி, "இனிமே எல்லாத்துக்கும் இவியதான். எங்கிட்ட நடந்துகிட்ட மாதிரி இவியகிட்டயும் நடந்துக்கிடுங்க" என்று ஒரே வாசகத்தைச் சொன்னார். நான் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். காப்பி கொடுத்தார்கள். சில இடங்களில் என் முகத்தைப் பார்த்து, "நீங்கதானா அது!" என்றார்கள்.

மகாராஜபுரத்தில் ஒரு டீலர், இவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான், கடைக்கு வெளியே வந்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டுக் கேட்டார்: "என்ன சார், சரண்டர் ஆயிட்டீங்களா?"

"ஆமாலே" என்று அண்ணாச்சி பலமாகச் சிரித்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தோற்றவர் பக்கத்தில் ஜெயித்தவளாக உட்கார்ந்திருப்பது அவ்வளவு நன்றாக இல்லை. நான் ஜெயித்தேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பின் கொஞ்ச நாள் அமைதியாகப் போனது. தேவதானத்து டீலர் கணக்கும் மறுபடி என்னிடம் வந்தது. ஒருவர் மேல் ஒருவர் ஸ்கீம் போடாமல், ஆட்டோ விடாமல், இருக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிர்க் கம்பெனி டிஷ்ஷில் சிக்னல் இல்லை என்று ராஜபாளையத்தில் யாராவது வந்தால் அண்ணாச்சிக்குப் போன் போடுவேன். எங்கள் பாக்ஸ் கெட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் ஆட்களே போய்ப் பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் நான் நிம்மதியாக இருந்தது அந்தச் சில வாரங்கள்தான்.

ஒரு காலை, கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டார். குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

"மேடம், மெர்ஜர் டிராப். ரெண்டு பக்கமும் ஒத்துவரலைன்னு முடிச்சுட்டாங்க. நாளைக்கு நியூஸ்ல வரும்."

"டிராப்னா? இம்புட்டு நாளு பேசுனது?"

"அதெல்லாம் அப்படித்தான் மேடம். மேல நடக்குறது. நீங்க இதை சான்ஸா பாருங்க. அவரோட டீலர்ஸ் ஒருத்தர் விடாம உங்களுக்கு இப்ப பழக்கம். அவரே கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்காரு. அவருக்கு விஷயம் தெரியிறதுக்குள்ள இன்னைக்கே போன் போட்டுப் பேசிடுங்க. நல்ல ஸ்கீம் நான் வாங்கித் தர்றேன். வத்திராயிருப்புப் பக்கம் மொத்தமா நம்ம கைக்கு வந்துரும். அவங்க கம்பெனி அந்தப் பக்கம் எழுந்திரிக்கவே முடியாது."

"பாக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். போனைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். மகாராஜபுரத்து டீலர் எப்படிப்பட்டவர், யாரிடம் முதலில் பேச வேண்டும், யார் யாரை இழுத்துக்கொண்டு வருவார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. மேனேஜர் சொன்னது சரியான கணக்கு. சில வருஷம் முன்னால் என்றால் போன் சூடு ஆறுவதற்குள் பாதிப்பேரிடம் பேசி முடித்திருப்பேன். இப்போது நினைத்துப் பார்த்தேன். மறுபடி ஆட்டோ, மறுபடி மைக், மறுபடி கறி விருந்து, மறுபடி ஒரு கல்யாண வீட்டில் இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிடுவது. உடம்பு முழுக்க ஓர் அலுப்பு இறங்கியது. நல்ல குணத்தால் நான் அன்று அந்தப் போனைப் போடவில்லை என்று யாராவது நினைத்தால் அது சரியில்லை. எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்பி நின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் போறியா?" என்றார்.

"ஆமா."

"சாப்பிட்டுட்டுப் போ."

அண்ணாச்சி கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். போர்டு கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் புதுசாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நேத்தே சொல்லிட்டாவம்மா" என்றார்.

"நேத்தேவா?"

"நேத்து மத்தியானம். ஒங்களுக்கு எப்படிச் சொல்லன்னு யோசிச்சுட்டே இருக்கேன்."

நான் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, யாரோ பிடித்துத் தள்ளின மாதிரி சொன்னார்: "எங்காளு ஒங்க டீலருங்களப் பூரா ஒடைச்சிருன்னான். ஒரே ஒரு போன் போட்டேன். தேவதானத்துக்கு."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தவள் நான். "என்ன சொன்னான் தம்பி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"'அண்ணாச்சி, போன வைங்க, கடையில ஆளு நிக்கி'ன்னுட்டான்." அண்ணாச்சி இப்போதுதான் உட்கார்ந்தார். "பொறவு நான் யாருக்கும் போடல. போடணும்னு தோணல. இங்கனயே உக்காந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. அவர் முதலில் திகைத்தார், பிறகு அவரும் சிரித்தார். நானும் காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டதைச் சொன்னேன். "போட்டிருந்தீகன்னா எல்லாரும் வந்திருப்பாவ" என்றார் அவர். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவர் சேர்த்த ஆட்கள் அல்லவா.

ஊருக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் பால்கோவா கொடுக்கிற ஊர் அது. சர்க்கரை வியாதிக்காரரான அவர் பக்கத்துக் கடைப் பையனை அனுப்பி எனக்குக் காராச்சேவு வாங்கி வரச் சொன்னார். அதைக் கொறித்துக்கொண்டே பேசினோம். ஒரே கடையில் இரண்டு கம்பெனி சரக்கையும் வைத்து விற்க இரண்டு கம்பெனியும் விடாது. சேரும்போது ஒருவர் போதும் என்றவர்கள், இப்போது இரண்டு பேராகப் பிரிந்து அடித்துக்கொள்ளச் சொல்வார்கள்.

"நான் விட்டுருதேம்மா" என்றார் அண்ணாச்சி.

"நானே விட்டுரலாமான்னுதான் பாக்கேன்."

"நீங்க விடாதிய. ஒங்க கடையில ஆளு இருக்கு. எனக்கு பென்ஷன் வருது. எங்கடைப் பையங்க ரெண்டு பேரும் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போறேன்னு ஏற்கெனவே சொல்லிட்டுத்தான் இருக்கானுவ."

நான் மறுத்துப் பேசினேன். ஆனால் ரொம்ப நேரம் மறுக்கவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த மாதமே அவர் எதிர்க் கம்பெனியிடம் சரக்கைத் திருப்பிக் கொடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் வேலையை விட்டார். அவர்கள் சிவகாசியிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். துடிப்பான ஆள். வந்ததும் வராததுமாக ஆட்டோவில் மைக் கட்டி விட்டார். என் மேனேஜர் பதறிப்போய், நாமும் விட வேண்டும் என்றார். நான் விடவில்லை. டார்கெட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாததால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவை என்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். ராஜபாளையம் மட்டும் இருக்கட்டும் என்றார்கள். சரி என்றேன். அந்த மேனேஜர் அப்புறம் ஏதோ செல்போன் கம்பெனிக்குப் போய்விட்டார். சிவகாசிக்காரரும் ஒரு வருஷத்துக்குள் களைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தேவதானத்து டீலர் எல்லா டிஷ் போர்டுகளையும் கழற்றிவிட்டு ஃபைபர் போர்டு மாட்டியிருக்கிறார். போனால் சோடா வாங்கித் தருகிறார்.

இப்போது என்னிடம் வருகிற வேலையில் பாதி, டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்வதுதான். எங்கள் சர்வீஸ் ஆள் போய்க் கழற்றி வருவார். நட்டெல்லாம் துருப்பிடித்திருக்கும். பழைய இரும்புக்குப் போடுவதா என்று கேட்பார். தலையை ஆட்டுவேன்.

அண்ணாச்சி கடையை மூடவில்லை. எல்லாக் கம்பெனிக்கும் ரீசார்ஜ் போடுகிறார், எல்.இ.டி. பல்பு விற்கிறார். பழைய ஆட்கள் பெட்டி ஓடவில்லை என்றால் இன்னும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை இருந்தால் நான் அவர் கடையில் ஏறிவிட்டுத்தான் வருவேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் மேற்கே மலை முழுக்க மறைந்து பெருமழை பிடித்தது. அந்த மாதிரி மழையில் சிக்னல் போய்விடும். முன்பெல்லாம் அப்போது ஊரே என்னைத் திட்டும், போனைக் கீழே வைக்க முடியாது. அன்று கடை டிவியும் நின்றுபோய், சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும் நடுவில் இருந்தது. கவுண்டர் பெண் போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. அண்ணாச்சி.

"அங்க மழையா?"

"நல்ல மழ அண்ணாச்சி."

"யாராவது கூப்பிட்டாவளா?"

"இல்ல. அங்க?"

"இங்கயும் இல்ல."

இரண்டு பக்கமும் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஈரத்துக்குக் கொஞ்சம் பிடிக்கிறது என்றார். மகளுக்கு எப்போது பரீட்சை என்று கேட்டார், சொன்னேன். பிறகு, கடைக்குள் சாரல் அடிக்க ஆரம்பித்ததால் போனை வைத்துவிட்டுப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.